முதுகுப்பையும் பல்லக்கும்

"மலைக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதான்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போச்சு. இமயமலைக்கு நடக்கப் போய்த் திரும்பி வருகிற நம்மூர்ப் படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். பயணக் கட்டுரை எழுதுகிற பெரிய மனிதர்கள் சொல்கிறார்கள். பனிக்குச் சாதி தெரியாதாம். காற்றுக்கு மதம் தெரியாதாம். ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் மூச்சு முட்டும்போது மேல்சாதி கீழ்சாதியெல்லாம் உதிர்ந்து போய்விடுமாம். ஒரு வாரம் நடந்து, ஒரு கணவாயைக் கடந்து, மூக்குத்தோல் உரிந்து வந்து நின்றுகொண்டு இதை நம்மிடமே சொல்கிறார்கள். நாமும் தலையாட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

பனிக்குச் சாதி தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். பனியா சோறாக்குது? பனியா மூட்டை தூக்குது? இன்னார் இந்தக் கூடாரத்தில் படுக்கலாம், இன்னார் வெளியே கிடக்கணும் என்று பனியா முடிவு பண்ணுது? மனுசன் பண்ணுகிறான். அந்த மனுசன் சமவெளியிலிருந்து மலைக்குப் போகும்போது சாதியைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை. மலையிலேயே பிறந்தவனுக்கு அதைக் கழற்றி வைக்க இடமும் இல்லை. உத்தரகாண்ட் மலை மாநிலம். 2011 கணக்கெடுப்பின்படி அதில் 18.76 சதவீதம் தாழ்த்தப்பட்ட மக்கள். நூறு பேருக்குப் பத்தொன்பது பேர். இமயமலையைப் பற்றித் தமிழில் வந்திருக்கிற பயண எழுத்தில் நான் படித்தவற்றில் இந்தப் பத்தொன்பது பேர் எங்கே? சாமியார் இருக்கிறார். சங்கரர் இருக்கிறார். பனிமான் இருக்கிறது. இவர்கள் இல்லை.

ஆகவே கணவாய்களைப் பற்றிப் பேசுவோம். எத்தனை மீட்டர் உயரம் என்பது கிடக்கட்டும். யார் சுமந்தார்கள், யார் சுமக்கப்பட்டார்கள் என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்போம்.

முதலில் முதுகுப்பை என்கிற சங்கதி. மலையில் நெடுந்தூரம் நடக்கிறவர்களிடம் ஒரு பெருமை உண்டு. தன் கூடாரம், தன் படுக்கை, தன் அடுப்பு, தன் அரிசி எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்துத் தன் முதுகிலேயே தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் போவது. பன்னிரண்டு கிலோ, பதினைந்து கிலோ. "என் சுமையை நானே சுமக்கிறேன்" என்பது இவர்களுடைய வேதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் சுமையைத் தானே சுமப்பது யாருக்குப் புதுசாகவும் பெருமையாகவும் தெரியும்? பரம்பரை பரம்பரையாக அடுத்தவன் சுமந்து கொடுத்துப் பழகிய வீட்டுப் பிள்ளைக்குத்தான் தெரியும். களத்திலிருந்து ஆண்டை வீட்டுக்கு நெல் மூட்டை தூக்கின பாட்டனுடைய பேரனுக்கு முதுகில் பாரம் ஏறுவதில் என்ன ஞானம் கிடைக்கும்? சும்மாடு கட்டின தலைக்குச் சுமை ஒரு அனுபவமா?

இந்த முதுகுப்பைக்காரர்களுக்குக் குலதெய்வம் மாதிரி இருக்கிறவர்கள் எரிக் ஷிப்டன், பில் டில்மன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். 1934ல் ரிஷி கங்கைப் பள்ளத்தாக்கு வழியாக நந்தாதேவியின் அடிவாரத்துக்குள் முதலில் நுழைந்தவர்கள். பட்டாளம் மாதிரி ஆள் திரட்டிக்கொண்டு போகாமல், குறைந்த செலவில், குறைந்த சுமையோடு போகலாம் என்று காட்டியவர்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களோடு ஆங்தார்கே, பாசாங், குசாங் என்று மூன்று ஷெர்பாக்கள் போனார்கள். ஒரு கட்டம் வரைக்கும் மேற்கு நேபாளத்து டோட்டியால் கூலிகளும் மூட்டை தூக்கினார்கள். ஷிப்டன் அந்த மூன்று பேரின் பெயரையும் எழுதினார், புகழவும் செய்தார். இருந்தும் கதை எப்படி நிலைத்தது? "இரண்டு பேர் போனார்கள்" என்று. மூன்று பேர் கணக்கில் வரவில்லை. ஆங்தார்கே தன் கதையைச் சொல்லி, அது பிரெஞ்சு மொழியில் புத்தகமாக வந்தது 1954ல். இருபது வருசம் கழித்து. குறைந்த சுமை என்றால் யார் முதுகில் குறைந்த சுமை என்று கேட்க ஆள் இல்லை.

இன்னும் பின்னால் போவோம். 1815ல் குமாவுன் வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. டிரெய்ல் என்பவர் அங்கே கமிஷனர். 1830ல் பிண்டாரி பனியாற்றுக்கு மேலே உள்ள ஒரு கணவாயை, ஐயாயிரத்து முந்நூறு மீட்டர் சுமார் உயரம், கடந்தார். வழி காட்டியவர் சூபி கிராமத்து மலக் சிங். வழி தெரிந்தவர் மலக் சிங், வழி போனவர் டிரெய்ல். கணவாய்க்குப் பெயர் இன்றைக்கும் டிரெய்ல் கணவாய். குவாரி கணவாய் வழியாகப் போகிற பாதைக்குக் கர்சான் பாதை என்று பெயர். கர்சான் பிரபு வைசிராய். அந்தப் பாதையில் ஆட்டையும் உப்பையும் ஓட்டிக்கொண்டு எத்தனை தலைமுறை நடந்திருக்கும்? பெயர் வைப்பது என்பது பட்டா எழுதுவது. நம் சேரிக்குக்கூட நாம் வைத்த பெயர் பதிவேட்டில் இருக்காது என்பது நமக்குத் தெரியாதா?

வெள்ளைக்கார துரைகள் அந்த மலைகளில் சுற்றியது சொந்த முதுகில் சுமந்தல்ல. கிராமத்துக்குக் கிராமம் ஒரு பதிவேடு இருந்தது. யார் வீட்டிலிருந்து எத்தனை ஆள் சுமை தூக்க வர வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருந்தார்கள். கூலி கொடுத்தும் கட்டாயமாகத் தூக்க வைப்பது ஒன்று, அது கூலி உதார். காசே கொடுக்காமல் தூக்க வைப்பது ஒன்று, அது கூலி பேகார். துரைக்கும் பரிவாரத்துக்கும் பால், அரிசி, விறகு, குதிரைக்குப் புல் இலவசமாகக் கொடுக்க வைப்பது ஒன்று, அது பர்தாயிஷ். டென்ட்டு, கட்டில், துப்பாக்கிப் பெட்டி, துரை வெளிக்குப் போகிற மலப்பெட்டி வரைக்கும் கிராமத்தான் தலையில். இன்றைக்கு "என்ன அழகான பழைய பாதை" என்று படம் எடுத்துப் போடுகிற மலைப்பாதைகளும், வழியில் உள்ள பழைய டாக் பங்களாக்களும் இப்படித்தான் உயிர் வாழ்ந்தன.

1921 ஜனவரியில் பாகேஸ்வரில் உத்தராயணித் திருவிழா. சரயுவும் கோமதியும் கூடுகிற இடம். பத்ரி தத் பாண்டே முதலானவர்கள் தலைமையில் கூட்டம் கூடி, இனிமேல் பேகார் இல்லை என்று சபதம் எடுத்து, கூலிப் பதிவேடுகளை ஆற்றில் எறிந்தது. பேகார் அதோடு ஒழிந்தது. பெரிய போராட்டம்தான். காந்தியே பாராட்டி எழுதினார். நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. ஆற்றில் போனது வெள்ளைக்காரன் பதிவேடு. கிராமத்துப் பதிவேடு எங்கே போச்சு? ஏரைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன உயர் பிராமணர் நிலத்தை உழுது கொடுத்த ஹலியாக்களின் கணக்கு எந்த ஆற்றில் போடப்பட்டது? கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்காகக் குடும்பமே தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்த ஜௌன்சார் பாவர் பக்கத்துக் கோல்டா மக்களின் கணக்கு எங்கே? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976ல்தான். பேகாருக்கு எதிரான கோபத்தில் பாதி, "எங்களைப் போய்க் கூலி ஆக்குறியே" என்ற கோபம். கூலியாகவே பிறந்தவன் என்று ஒருத்தனைத் தனியாக வைத்துக்கொண்டு, எங்களை அவனோடு சேர்க்காதே என்கிற கோபம். வெள்ளைக்காரன் தூக்கச் சொன்னால் அவமானம், நாங்கள் தூக்கச் சொன்னால் மரபு. இதுதான் மலையின் நியாயம்.

இந்த மக்கள் யார்? செம்புப் பாத்திரம் அடித்தவர்கள், இரும்பு அடித்தவர்கள், கல் வீடு கட்டினவர்கள், கூடை முடைந்தவர்கள், தோல் கொட்டினவர்கள். கோயிலைக் கட்டுகிற வரைக்கும் உள்ளே, கட்டி முடித்தால் வெளியே. இவர்களை டோம் என்று இழிவாகக் கூப்பிட்டார்கள். அதை மறுத்துத் தங்களைச் சில்பகார் என்று சொல்லிக்கொள்ளப் போராடினார்கள். அல்மோராவின் ஹரி பிரசாத் டம்டா அதில் முன்னே நின்றார், 1934ல் 'சமதா' என்று பத்திரிகையும் நடத்தினார். நம் பக்கம் அயோத்திதாசர் பத்திரிகை நடத்தினதை நாமே தொண்ணூறுகளில்தான் தோண்டி எடுத்தோம். அவரைத் தோண்ட யார் இருக்கிறார்கள்?

இப்போது பல்லக்குக்கு வருகிறேன். கார்வால் மலையில் மணப்பெண்ணை டோலாவிலும் மாப்பிள்ளையைப் பல்லக்கிலும் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். ரோடு கிடையாது, மேடு பள்ளம், வேறு என்ன செய்வது? பல்லக்கைத் தூக்குகிற வேலை சில்பகார்களுக்கு. ஆனால் சில்பகார் வீட்டுக் கல்யாணத்தில் அவர்கள் பிள்ளை பல்லக்கில் ஏறக்கூடாது. தூக்கலாம், ஏறக்கூடாது. மேல்சாதி ஊர் வழியாகப் போகும்போது மாப்பிள்ளை இறங்கி நடக்கணும். இதை எதிர்த்து ஜெயானந்த் பாரதி இருபதுகளிலிருந்து போராடினார். அதுதான் டோலா பால்கி இயக்கம். கல்யாண ஊர்வலங்களை மறித்து அடித்தார்கள். சுதந்திரம் கேட்கிறவர்களே இந்த அடியை அடிக்கிறார்கள் என்பதனால் 1941ல் காந்தி கார்வாலில் தனிநபர் சத்தியாக்கிரகத்தையே நிறுத்திவைத்தார். அந்த அளவுக்கு முற்றிப்போன சண்டை.

முடிந்த கதை என்று நினைக்காதீர்கள். 1980 மே 9. அல்மோரா மாவட்டம் கபல்டா கிராமம். சில்பகார் கல்யாண ஊர்வலம். கோயிலுக்கு முன்னால் பல்லக்கிலிருந்து இறங்கு என்றார்கள். இறங்க மாட்டேன் என்றார்கள். தகராறில் மேல்சாதிக்காரர் ஒருவர் செத்தார். அதன் பிறகு ஊர் திரண்டு 14 தலித்துகளைக் கொன்றது. சிலரை வீட்டுக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். தப்பி ஓடினவர்களை விரட்டி விரட்டி அடித்துக் கொன்றார்கள். கீழ்க்கோர்ட்டுகள் விட்டுவிட்டன. 1997ல் உச்சநீதிமன்றம்தான் தண்டனை கொடுத்தது. பதினேழு வருசம். சுமக்கிறவன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், சுமக்கப்பட்டதற்கு இதுதான் விலை.

இதைத் தெரிந்துகொண்டு மலை ஏறினால் கண்ணுக்கு என்ன படும் என்று சொல்கிறேன். 2019 ஜூனில் டேராடூனுக்கு ஒரு கூட்டத்துக்குப் போனவன், அங்கே சேர்ந்த நண்பர்களோடு ரூபின் கணவாய்க்குப் போனேன். 4650 மீட்டர். உத்தரகாசி மாவட்டத்தில் தௌலாவில் நடக்க ஆரம்பித்து, சேவா, ஜிஸ்குன், ஜாக்கா என்று ஊர்களைத் தாண்டி, புல்வெளிகள், அருவி, பனி எல்லாம் ஏறி, அந்தப் பக்கம் இமாசலத்தில் சாங்லாவில் இறங்குவது. உச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குகூட இல்லை. நாலு எட்டு வைத்தால் நெஞ்சு அடிக்கும். என் பையை நானேதான் தூக்கினேன்.

நாங்கள் ஒன்பது பேர். எங்களுக்கு வேலை செய்ய எட்டுப் பேர். இந்த எட்டுப் பேருக்குள்ளே ஒரு ஏணி இருந்தது. மேலே வழிகாட்டி. அவருக்குக் கீழே சமையல்காரர். அப்புறம் சமையல் உதவி. அப்புறம் கோவேறு கழுதைக்காரர். அடியில் சுமைதூக்கிகள் நாலு பேர். இரண்டு பேர் மேற்கு நேபாளம், இரண்டு பேர் மோரிப் பக்கத்துப் பையன்கள். மூன்றாம் நாள் ராத்திரி ஆலங்கட்டி மழை. சமையல் கூடாரத்தில் ஆறு பேர் முடங்கிக் கிடந்தார்கள். கழுதைக்காரர் கழுதையோடு. உள்ளூர்ப் பையன்களில் சின்னவன் மட்டும் ஒரு பாறை இடுக்கில் பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன இது என்று வழிகாட்டியைக் கேட்டேன். "அவனுக்குப் பழக்கம் சார்" என்றார்.

மறுநாள் ஏற்றத்தில் அவனோடு சேர்ந்து நடந்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நான் எந்த ஊர், என்ன ஆளு என்று கேட்டான். அரைகுறை இந்தியில் சொன்னேன். சொல்லிவிட்டு "ஜெய்பீம்" என்றேன். பையன் நின்றுவிட்டான். அவன் போனிலும் அம்பேத்கர் படம் இருந்தது. அதற்குப் பிறகு அவன் வாய் மூடவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அடுப்பு கிட்ட நான் போகக்கூடாது பையா. தண்ணி தூக்கலாம், வெறகு தூக்கலாம். வாசல்ல எறக்கி வச்சிட்டு நகந்துறணும். அரிசி, பருப்பு, மாவு எல்லாம் நாலு நாளா என் முதுகுலதான வருது. மூட்டையா இருக்கிற வரைக்கும் தீட்டு இல்ல. மூட்டைய அவுத்துட்டா நான் தொட்டா தீட்டு."

எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். தீண்டாமைக்கு எத்தனையோ விளக்கம் படித்திருக்கிறேன், கட்டுரையும் எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு விளக்கம் எனக்குத் தெரியாது. முதுகு சுத்தம், கை தீட்டு. உழைப்பு வேணும், ஆள் வேணாம். அந்தக் கூடையை ஓய்விடத்தில் நான் தூக்கிப் பார்த்தேன். தரையை விட்டு எழும்பவில்லை. நெற்றியில் பட்டை மாட்டி அதை அவன் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போனான். கால்களில் பள்ளிக்கூடத்து கேன்வாஸ் செருப்பு.

கணவாயின் உச்சியில் எங்கள் ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தர் அழுதார். படம் எடுத்தோம். படத்தில் ஒன்பது பேர். கணவாயைக் கடந்தது பதினேழு பேர். மற்ற எட்டுப் பேரும் முன்னாடியே கடந்து, இறங்கி, எங்களுக்குக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று ராத்திரிதான் எங்கள் குழுவில் ஒரு நண்பர் உருக்கமாகச் சொன்னார், மலைக்கு முன்னால எல்லாரும் ஒண்ணு என்று.

அந்த மோரிப் பக்கத்தில்தான் 2023 ஜனவரி 9 அன்று சால்ரா கிராமத்துக் கோயிலுக்குள் போனதற்காக 22 வயது தலித் இளைஞர் ஒருவரைக் கட்டிப்போட்டு, எரிகிற கட்டையால் ராத்திரி முழுக்க அடித்தார்கள். மலையேறிகள் தங்கள் பாதைகளைக் குறித்த வரைபடத்தை வைத்திருக்கிறார்கள். அதே வரைபடத்தில் நான் வேறு சில புள்ளிகளை வைக்கிறேன், பாருங்கள். ஜோஷிமட் வட்டாரத்தில், பவிஷ்ய பத்ரி போகிறவர்கள் தாண்டிப் போகிற சுபாயி கிராமம். 2024ல் அங்கே திருவிழாவுக்கு மேளம் அடிக்க உடம்பு முடியாமல் ஒருத்தர் வரவில்லை என்பதற்காகத் தலித் குடும்பங்களை ஊர்விலக்கு செய்தார்கள். டெஹ்ரி மாவட்டம். 2019 ஏப்ரலில் கல்யாண வீட்டில் மேல்சாதியாருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டான் என்று ஒரு தலித் இளைஞனை அடித்தார்கள், மே மாதம் செத்தான். சம்பாவத் மாவட்டம் சுகிடாங். 2021 டிசம்பரில் அரசுப் பள்ளிக்கூடத்தில் தலித் பெண் சமைத்தாள் என்று மேல்சாதிப் பிள்ளைகள் மதியச் சோறு தின்ன மறுத்தார்கள். சமையல்கூடாரத்து வாசலில் நிற்கிற பையனுக்கும் இந்தப் பள்ளிக்கூடத்து அடுப்புக்கும் சம்பந்தம் இல்லையா?

பன்னிரண்டு வருசத்துக்கு ஒரு தடவை நடப்பதாகச் சொல்லும் நந்தாதேவி ராஜ்ஜாத் யாத்திரையைப் பற்றி மலையேறிகள் வாய் ஓயாமல் பேசுவார்கள். 280 கிலோமீட்டர் நடை, ரூப்குண்ட் ஏரி, அதற்கு மேலே கணவாய். கடைசி ஊரான வாண் தாண்டினால் பெண்கள் வரக்கூடாது, தோல் பொருள் வரக்கூடாது, தாழ்த்தப்பட்டவர்கள் வரக்கூடாது என்பது அதன் பழைய மரபு. அம்மனை ஊர் ஊராக அழைத்து வந்த தோல்மேளத்தை அடித்தது யார்? அந்த மேளக்காரரின் கணவாய் வாண் கிராமத்திலேயே முடிந்துவிடுகிறது. சாமியே கடக்கிற கணவாயில் சாதி பார்த்திருக்கிறார்கள். நீங்கள் கடக்கிற கணவாயில் மட்டும் இல்லையா?

இதற்கு என்ன பதில் வரும் என்று தெரியும். "ராஜபுத்திரனும் மூட்டை தூக்குறான், நேபாளியும் தூக்குறான், இதுல எங்க சாதி?" என்பார்கள். தூக்குகிறார்கள், உண்மை. வறுமை எல்லார் முதுகையும் வளைக்கும். ஆனால் ராஜபுத்திர சுமைதூக்கி நாலு வருசத்தில் சமையல்காரன் ஆகலாம், வழிகாட்டி ஆகலாம், வீட்டில் ஒரு அறையைச் சுண்ணாம்பு அடித்துப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம். ஏணியில் அவனுக்கு அடுத்த படி இருக்கிறது. அடுப்பைத் தொடக்கூடாதவன் சமையல்காரன் ஆவது எப்படி? அவன் வீட்டில் தண்ணி குடிக்காத ஊரில் அவன் வீட்டுக்குப் பயணியை யார் அழைத்து வருவார்? சாதி என்பது யார் சுமப்பது என்பதில் மட்டும் இல்லை. யார் சுமையை இறக்கி வைக்க முடியும், யாரால் முடியாது என்பதில் இருக்கிறது.

"வேலை குடுக்கிறோமே" என்பது இன்னொரு பதில். கொடுங்கள். எந்தக் கணக்கில்? சுமைதூக்கிகள் பாதுகாப்புக்கென்றே 1997ல் ஒரு சர்வதேச அமைப்பு உருவானது, ஒரு நேபாளச் சுமைதூக்கியின் சாவுக்குப் பிறகு. நேபாளத்தில் ஒரு ஆளுக்கு அதிகபட்சம் 30 கிலோ என்று அது வரம்பு சொல்கிறது. கிளிமஞ்சாரோவில் 20, பெருவில் 25. குளிருக்கு உடுப்பு, காலுக்குப் பூட்ஸ், படுக்கக் கூடாரம், சோறு, இன்சூரன்ஸ், நோய் வந்தால் பயணிக்குக் கிடைக்கிற அதே கவனிப்பு. இவ்வளவுதான் அதன் கோரிக்கை. இதைக் கோரிக்கையாக வைக்க வேண்டியிருக்கிறது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட் வழியில் கும்பு பனியருவியில் பனிச்சரிவு. செத்தது 16 பேர். பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளிகள். அடுத்தவர் ஏறுவதற்காக வழி போட்டுக்கொண்டும் சாமான் தூக்கிக்கொண்டும் போனவர்கள். அரசாங்கம் முதலில் அறிவித்தது குடும்பத்துக்கு நாற்பதாயிரம் நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் வேலையை நிறுத்தினார்கள். அதே வருசம் அக்டோபரில் தோராங் கணவாய்ப் பக்கம், 5416 மீட்டர், பனிப்புயலில் குறைந்தது 43 பேர் செத்தார்கள். அதிலும் நேபாள மக்கள் நிறையப் பேர். ஆபத்து எல்லாருக்கும் ஒண்ணுதான் என்பார்கள். ஒருத்தர் ஆபத்தைத் தேடிக் காசு கொடுத்து வருகிறார். இன்னொருத்தர் காசில்லாததால் ஆபத்துக்குள் வருகிறார். ரெண்டும் ஒண்ணா?

நம் ஊர்களில் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல். தலைச்சுமையை ஆள் துணை இல்லாமல் இறக்கி வைக்கிற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக நட்டது என்பார்கள். நேபாளப் பாதைகளிலும் அரசமரத்தடியில் சௌதாரா என்று கல்மேடை உண்டு, கூடையை இறக்காமல் சாய்த்து நிறுத்த. சுமக்கிறவன் படும் பாட்டை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்த வழியாகப் போய் வந்து எழுதப்படுகிற ஆயிரம் பக்கங்களில் அந்தச் சுமைதாங்கிக் கல்லளவு நினைப்புகூட இல்லை.

சரி, அப்படியானால் நம் பிள்ளைகள் மலைக்குப் போக வேண்டாம் என்கிறேனா? இல்லை. போகணும். நடப்பது நமக்கு இனாமாக வந்ததல்ல. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில் 2023 டிசம்பரில் அறுபது பேர் அளவில் தலித்துகள் சேர்ந்து, ஆதிக்கசாதித் தெரு ஒன்றில் முதல் தடவையாகக் காலில் செருப்போடு நடந்தார்கள். தெருவின் நீளம் சுமார் 300 மீட்டர். ரூபின் கணவாய்க்கு ஆறேழு நாள் போதும். அந்த முந்நூறு மீட்டருக்கு எத்தனை தலைமுறை ஆனது? என்னைக் கேட்டால் இந்த நாட்டின் நெடுந்தூர நடை அதுதான். அப்படி நடந்த கால்களுக்கு இமயமலை ஒன்றும் அதிகம் இல்லை. நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு, நல்ல பையை மாட்டிக்கொண்டு, நம் பெண்களும் ஆண்களும் எல்லாக் கணவாயும் ஏறட்டும். ஏறும்போது பக்கத்தில் கூடை தூக்கி வருகிறவனிடம் பேசட்டும். அவன் எங்கே படுத்தான் என்று பார்க்கட்டும். அடுப்புக்கு அருகில் யார் வரவில்லை என்று பார்க்கட்டும். பார்த்தால் சும்மா வராமல் அங்கேயே கேட்கட்டும். காசு கொடுத்தவர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும்.

மலையேற்றம் நடத்துகிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் சொல்வது இது. கிளம்புகிற இடத்தில் தராசு வையுங்கள். ஒவ்வொரு கூடையையும் எல்லார் முன்னாலும் நிறுங்கள். படுக்கைக்குக் கூடாரம் எண்ணும்போது வேலை செய்கிறவரையும் சேர்த்து எண்ணுங்கள். சமையலுக்கு ஆள் வைக்கும்போது தலித்தை வையுங்கள். அவர் சமைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்கிறவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள். வந்து கட்டுரை எழுதும்போது உயரத்தை மீட்டரில் எழுதுகிற மாதிரி சுமையைக் கிலோவில் எழுதுங்கள். யார் தூக்கினார், என்ன கூலி, எங்கே படுத்தார், அடுப்பைத் தொட்டாரா என்று எழுதுங்கள். படத்தில் பதினேழு பேரும் நிற்கட்டும். அதுவரைக்கும் மலைக்கு முன்னால் எல்லாரும் ஒண்ணு என்று எங்களிடம் வந்து சொல்ல வேண்டாம்.